கூழ்ப்பானையும் கப்பல் அரிசியும்

கரம்பொன், ஊர்காவற்றுறைத் துறைமுகத்தை ஒட்டிய ஊர். ஒல்லாந்தர் லைடன் என்று பெயர் சூட்டிய வேலணைத்தீவில், நாரந்தனைக்கு அயலில் இருக்கிறது. சுண்ணக்கல்லின் மேல் மெல்லியதாகப் படிந்த மண், ஆறு கிடையாது, வடகீழ்ப் பருவமழை பெய்யும் மூன்று மாதங்களை விட்டால் வானத்தை நம்ப முடியாது, கிணற்றைச் சற்று ஆழமாகத் தோண்டினால் உவர்நீர் ஏறிவிடும். நெல் விளைவது ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் மழை மனம் வைத்தால். இப்படிப்பட்ட நிலத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சத்துக் குறைவு பிறவியிலேயே விதிக்கப்பட்டது என்று நினைக்கத் தோன்றும். தீவகம் எனப்படும் யாழ்ப்பாணத்துத் தீவுகளின் உணவு வரலாற்றை அடுக்கிப் பார்த்தால் கதை வேறு விதமாகப் போகிறது. நெல் போதாத காலத்தில் இந்த மக்கள் பல பொருள்களைச் சேர்த்து உண்டார்கள். நெல்லும் மாவும் கப்பலில் தாராளமாக வந்து இறங்கிய பிறகுதான் அந்தப் பல பொருள்கள் ஒவ்வொன்றாகத் தட்டைவிட்டு விலகின. இரும்பு, சுண்ணாம்புச் சத்து, விற்றமின் ஏ, பி வகைகள் என்று இன்று மருத்துவமனைச் சுவரொட்டிகளில் பட்டியலாகும் குறைபாடுகள் பலவற்றை இந்த விலகலின் கணக்காகவே படிக்கலாம். வயிறு நிறைந்தும் உடல் குறைபடும் நிலை எப்படி உண்டாயிற்று என்பதே இங்கு கேள்வி.

பழைய உணவாண்டைப் பனை நடத்தியது. தை, மாசியில் காலபோக நெல் அறுவடையாகும். அதே காலத்தில் பாத்தியில் இட்ட பனங்கொட்டைகள் கிழங்காகிப் பிடுங்கப்படும். கிழங்கைப் பிளந்து பச்சையாகவே வெயிலில் உலர்த்தினால் ஒடியல், அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். பின்பனிக்குப் பிறகு பாளை சீவும் காலம். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்குவது கருப்பநீர், தடவாததில் இறங்குவது கள். கருப்பநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி. வீட்டுநெல் குறையத் தொடங்கும் ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். அதன் களியைப் பாயில் பூசி உலர்த்திய பனாட்டு அடுத்த பழக்காலம் வரை இருக்கும். அறுவடைக்கும் அறுவடைக்கும் இடையிலுள்ள பள்ளத்தை மரம் தன் முறைப்படி நிரப்பியது என்பதே முக்கியம். கொழும்பில் 1850இல் பனையைப் பற்றி நூல் வெளியிட்ட வில்லியம் ஃபெர்குசன், யாழ்ப்பாணத்து ஏழை மக்களின் வாழ்வு இந்த மரத்தைச் சார்ந்திருந்ததை விரிவாகவே எழுதினார். பனையின் 801 பயன்களைப் பாடும் தாலவிலாசம் என்ற தமிழ் நூலின் செய்தியும் ஆங்கில வாசகருக்கு அவர் வழியாகவே எட்டியது. 801 என்ற எண்ணிக்கை புலவரின் உற்சாகமாக இருக்கட்டும். சாப்பாட்டுக்கு உதவும் பயன்கள் ஒரு கையில் எண்ணக்கூடியவை, ஆனால் அவை ஆண்டு முழுவதும் பரவியிருந்தன. பனைக்கு வெளியே குரக்கன், சாமை, வரகு முதலிய சிறுதானியங்களும், வேலியில் முருங்கையும் முசுட்டையும் தூதுவளையும், கரையில் மீனும் நண்டும் இருந்தன.

ஒடியற்கூழை எடுத்துக்கொண்டால் இந்தப் பன்மை ஒரே பானையில் தெரியும். ஒடியல் மா தனியாகப் பார்த்தால் பெரும்பாலும் மாப்பொருளும் நாரும்தான், புரதம் சொற்பம். அதை மட்டும் தின்று யாரும் உரம் பெறமுடியாது. ஆனால் கூழில் அது தனியாகப் போவதில்லை. மீன், நண்டு, இறால், முருங்கையிலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பழப்புளி, செத்தல் மிளகாய் என்று கையில் கிடைத்ததெல்லாம் கொதித்த பிறகே மா கரைத்து விடப்படுகிறது. இன்றைய ஊட்டவியல் கண்ணால் பார்த்தால் இந்தச் சேர்க்கை வியப்புக்குரியது. இலைகளிலும் பயறுகளிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சாது. அவற்றிலுள்ள பைற்றேற்றும் பொலிபீனோலும் அதைக் கட்டி வைத்துவிடும். அதே வாய்க்குள் மீனோ இறைச்சியோ சேர்ந்தால் இலையின் இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படும். புளியிலுள்ள தாத்தாரிக் அமிலம் போன்ற புளிப்புப் பொருள்களும் அதற்குத் துணைபோகின்றன. நண்டும் இறாலும் துத்தநாகம் தரும். மீன் அயடினும் விற்றமின் பி12உம் தரும். முருங்கையிலை விற்றமின் ஏயாக மாறும் கரோட்டினையும் சுண்ணாம்புச் சத்தையும் தரும். ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது என்பதைவிட, ஒன்று மற்றதைப் பயன்படவைக்கிறது என்பதே இங்கு நடப்பது. கூழைக் கண்டுபிடித்தவர்களுக்குச் சத்துக்கணக்குத் தெரிந்திருந்தது என்று நான் சொல்லமாட்டேன். வலையில் அன்று பட்டதை, வேலியில் அன்று இருந்ததை, வீட்டில் உள்ள எல்லோருக்கும் போதுமாறு நீட்டிச் சமைக்கும் தேவை அவர்களுக்கு இருந்தது. சத்து அந்தத் தேவையின் பக்கவிளைவு.

இதைப் படிக்கும் எவரும் உடனே ஒரு மறுப்பை எழுப்புவார்கள், எழுப்பவும் வேண்டும். பழைய உணவு அவ்வளவு நன்றாக இருந்தால் பழைய மனிதர்கள் ஏன் இளமையில் செத்தார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி ஊர்களைக் காலிசெய்தது. குழந்தைச் சாவு வீட்டுக்கு வீடு வழக்கமாக இருந்தது. கொழுக்கிப் புழுக்கள் கால்வழி நுழைந்து குடலில் இரத்தம் குடித்தன. உண்ட இரும்பைப் புழு தின்னும்போது கூழின் சேர்க்கை பற்றிப் பேசுவதில் பயனில்லை. மேலும் அந்தப் பானை எல்லோருக்கும் ஒரே மாதிரி நிறைந்ததும் இல்லை. பாளை சீவியவர்களும் வலை இழுத்தவர்களும் சாதிப்படியில் கீழே வைக்கப்பட்டிருந்தார்கள்; அவர்கள் உழைப்பில் வந்த நல்ல மீனும் பனங்கட்டியும் முதலில் போன இடம் வேறு. வீட்டுக்குள்ளே பெண் கடைசியாக உண்டாள். பானையின் அடியில் மிஞ்சுவது பெரும்பாலும் குழம்பே தவிர மீன் துண்டல்ல. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவும் காயச்சரக்கும் கொடுத்த அதே வழக்கம், பத்தியம் என்ற பெயரில் இலைக்கறிகளையும் பழங்களையும் அவளிடமிருந்து விலக்கியும் வைத்தது. ஆகவே பழைய உணவு குறையற்றது என்பது என் வாதமல்ல. அதன் குறைகள் அளவிலும் பங்கீட்டிலும் சுகாதாரத்திலும் இருந்தன. அதன் அமைப்பில் இருந்த குறை சிறிது. பின்னால் வந்த உணவு அளவுக் குறையைத் தீர்த்தது, ஆனால் அமைப்பைக் கலைத்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் ஏக்கப் பாட்டோ முன்னேற்றப் பாட்டோ பாடலாம், வரலாறு எழுத முடியாது.

அமைப்பைக் கலைத்த முதல் பொருள் அரிசி என்று சொல்வது சற்று விந்தையாக இருக்கும், ஏனெனில் யாழ்ப்பாணத்தவர் எப்போதும் அரிசியை விரும்பியவர்களே. ஊர்காவற்றுறைக்குத் தோணிகளில் அரிசி வந்தது பழைய செய்தி. பனைமரமும் புகையிலையும் இங்கிருந்து போக, இந்தியக் கரையிலிருந்து நெல் வந்தது. பர்மாவின் கீழ்ப்பகுதியில் காடு திருத்தி நெல்வயல் விரிந்த பிறகு, இலங்கை முழுவதுமே இரங்கூன் அரிசியில் சாய்ந்தது. அந்த நாளில் தீவகத்தாரையும் பிற தமிழரையும் ஒரு பெருந்தீங்கிலிருந்து காத்தது அவர்களின் வாய்ருசி. அவர்கள் கேட்டது புழுங்கலரிசி. பர்மிய ஆலைகளும் இந்தச் சந்தைக்கென நெல்லை அவித்தே குற்றி அனுப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள நீரில் கரையும் விற்றமின்கள் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றன. மாப்பொருள் இறுகி அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு ஆலை எவ்வளவு தீட்டினாலும் தயமின் எனப்படும் பி1இன் கணிசமான பங்கு எஞ்சுகிறது. பச்சையரிசியைத் தீட்டினால் அது தவிட்டோடு மாட்டுத்தொட்டிக்குப் போய்விடும்.

இந்த வேறுபாடு உயிர்க்கணக்கில் தெரியவந்த இடம் மலாயா. கரம்பொன்னுக்கும் மலாயாவுக்கும் பழைய தொடர்பு உண்டு: பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து யாழ்ப்பாணத்தார் அங்கு ரயில்வேயிலும் நில அளவையிலும் எழுதுவினைஞராகச் சேர்ந்தார்கள், 1913இல் கரம்பொன்னில் பிறந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டியதும் அந்தத் தொடர்பின் நீட்சிதான். அந்த மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலைசெய்த சீனர்கள் பெரிபெரியால் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்றது. பக்கத்தில் அதே வெயிலில் வேலைசெய்த தமிழ்த் தொழிலாளருக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. தமிழர் உண்டது புழுங்கல், சீனர் உண்டது சியாமிலிருந்து வந்த தீட்டிய பச்சையரிசி என்பதை மருத்துவர் பிராடன் கவனித்து 1907இல் நூலாக எழுதினார். காரணத்தில் அவர் தவறினார்; பழைய அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று நினைத்தார். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் 1905இல் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து இரண்டு அரிசியையும் கொடுத்துப் பார்த்தார். தீட்டிய பச்சையரிசி உண்ட தரப்பில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் உண்ட தரப்பில் ஒருவரும் இறக்கவில்லை. அடுத்து மருத்துவர்கள் ஃபிரேசரும் ஸ்ராண்டனும் காட்டில் வீதி போட்ட சாவகத் தொழிலாளர் 300 பேரிடம் அதையே உறுதிசெய்தார்கள். தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு இதுபோன்ற நோய் வருவதைச் சாவகத்தில் மருத்துவர் ஐக்மான் முன்பே கண்டிருந்தார். 1912இல் காசிமிர் ஃபுங்க், தீட்டும்போது தவிட்டோடு போய்விடுவது போன்ற இன்றியமையாப் பொருள்களுக்கு விற்றமின் என்று பெயர் வைத்தார். இருபதாம் நூற்றாண்டின் ஊட்டவியல் ஓரளவு தமிழரின் சோற்றுப்பானையைப் பார்த்துப் படித்த பாடம் என்று சொன்னால் அது மிகையில்லை, ஆனால் அதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. புழுங்கலை நாம் விரும்பியது உமி எளிதாக நீங்கும், அரிசி நொறுங்காது, பூச்சி குறைவு, பசி தாங்கும் என்பதற்காக. நல்ல காரணங்கள்தான், ஆனால் விற்றமின் அவற்றுள் ஒன்றல்ல. அறியாமல் பெற்ற பாதுகாப்பு அறியாமலே போய்விடவும் கூடும்.

போனது எப்படி என்றால், முதலில் மதிப்பின் வழியாக. புகையிலை பணம் தந்தது. வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களில் நல்ல மண்ணும் எருவும் கிணற்று நீரும் அதற்கே போயின. திருவிதாங்கூர் சந்தைக்காக விளைந்த இலை வீட்டுக்கு அரிசியாகத் திரும்பியது. அடுத்து வந்தது கொழும்புக் கடை. தீவகத்து ஆண்கள் தென்னிலங்கையின் பட்டினங்களில் கடை வைத்தும் கடையில் நின்றும் அனுப்பிய காசு, குரக்கனையும் சாமையையும் வறுமையின் அடையாளமாக்கியது. குரக்கன் 100 கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. பாலில் அதே எடைக்கு இருப்பது சுமார் 120. குரக்கனின் கல்சியத்தில் ஒரு பங்கைப் பைற்றேற் பிடித்துவைக்கும் என்பது உண்மை, ஆனாலும் பால் வாங்க முடியாத வீட்டுக்கு அது சிறிய இழப்பல்ல. காசோடு வந்த இன்னொரு பழக்கம் தேநீர். அதைக் குற்றம் சொல்வதற்காக இங்கு இழுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டோடும் சாப்பாட்டுக்குப் பின்னும் குடிக்கும் சாயத்தேநீர் உணவின் இரும்பைத் தனின்களால் கட்டிவிடுகிறது. தென்னாப்பிரிக்க ஆய்வாளர் டிஸ்லரும் கூட்டாளிகளும் 1975இல் சோற்றையும் ரொட்டியையும் வைத்தே இதை அளந்து காட்டினர். இப்படி ஒரு தலைமுறைக்குள் தானியம் ஒன்றாகி, பானம் இரும்புக்குப் பகையாகி, பனை பின்வாங்கியது. வசதி கூடியது, அந்த வசதியை யாரும் சத்துக் குறைவு என்று நினைக்கவில்லை.

கள்ளின் கதையைத் தொடாமல் போகமுடியாது, தொட்டால் சண்டை வரும். சைவப் பெரியோரும் மிசனரிமாரும் ஒற்றுமைப்பட்ட மிகச் சில விடயங்களில் மதுவிலக்கு ஒன்று. குடி குடும்பங்களை அழித்தது. அந்த இயக்கத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் புளித்த கள்ளில் மதுவோடு நொதியமும் இருக்கிறது, நொதியத்தில் பி விற்றமின்கள் செறிந்திருக்கின்றன. பசிபிக்கிலுள்ள நவுரு தீவில் 1920களில் கள்ளைத் தடைசெய்தபோது, தாய்ப்பால் குடித்த குழந்தைகள் பெரிபெரியால் இறக்கத் தொடங்கினர். தாய்மாருக்குத் தீட்டிய அரிசியே முதன்மை உணவாகிவிட்டிருந்தது. கள் ஒன்றே அவர்களுக்குத் தயமின் தந்துகொண்டிருந்தது என்று அங்கு பணியாற்றிய மருத்துவர் பிரே கண்டுபிடித்தார். அதே ஆண்டுகளில் பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்களின் கர்ப்பகால இரத்தசோகையை மருத்துவர் லூசி வில்ஸ் ஆராய்ந்தார். நொதியச் சாறான மார்மைட் அதைக் குணமாக்கியது என்று 1931இல் எழுதினார். அதிலிருந்த குணமாக்கும் பொருளே பிறகு ஃபோலேற் என்று அறியப்பட்டது. தீவகத்தில் நவுரு போன்ற சாவு நேரவில்லை, புழுங்கலும் மீனும் இருந்தன. எனினும் ஒழுக்கத்துக்காக ஒரு பொருளை விலக்கும்போது அது உணவில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கருப்பநீர் கள்ளல்ல, மதுவிலக்கு அதைத் தொடவேண்டியதில்லை. ஆயினும் மரமேறும் தொழிலே இழிவாகவும் வருமானமற்றதாகவும் ஆனபோது கள்ளோடு கருப்பநீரும் பனங்கட்டியும் சேர்ந்தே குறைந்தன. சாதி இழிவிலிருந்து விடுபட அந்தத் தொழிலைவிட்டு வெளியேறியவர்களை யாரும் குறைகூற உரிமையில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும்.

1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் கையில் விழுந்ததும் இலங்கைக்கு அரிசி நின்றது. பங்கீட்டு அட்டை வந்தது, ‘கூப்பன்’ என்ற சொல் வீட்டுச் சொல்லாயிற்று, கூட்டுறவுச் சங்கக்கடையின் வாசலில் வரிசை நின்றது. அரிசிக்குப் பதிலாகக் கப்பலில் வந்தது கோதுமை மா. நியாயமாகப் பார்த்தால் அது பட்டினியைத் தடுத்தது. அதே யுத்தகாலத்தில் வங்காளம் பஞ்சத்தில் மாண்டதை நினைத்தால் கூப்பனைக் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் அவசரத்துக்கு வந்த மா யுத்தம் முடிந்தும் போகவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அமெரிக்க உதவியோடு அது இன்னும் மலிந்தது. ‘அமெரிக்கன் மா’ என்று பெயரும் பெற்றது. பிட்டில் அரிசிமாவின் இடத்தை அது பிடித்தது; காலையில் பாண், மாலையில் ரொட்டி. தவிடும் முளையும் நீக்கிய வெள்ளை மாவுக்குப் பி விற்றமின்களையும் இரும்பையும் திரும்பச் சேர்க்கும் வேலையை அமெரிக்கா தன் மக்களுக்காக 1940களின் தொடக்கத்திலேயே செய்யத் தொடங்கிவிட்டது. குறைபாட்டு நோய்களைப் பற்றிய அச்சம் அதற்குக் காரணம். 1973, 74இல் அந்நியச் செலாவணி வற்றி அரிசியும் மாவும் சுருங்கியபோது நாடு மரவள்ளிக்குத் திரும்பியது.   மரவள்ளி மாப்பொருளை நிரப்பியது, அதற்கு மேல் கொடுக்க அதனிடம் இல்லை. சரியாக அவிக்காவிட்டால் அதிலுள்ள சயனைட் சேர்வைகள் கேடும் செய்யும். 1979இல் பங்கீட்டு முறை உணவு முத்திரைகளாக மாறியது. கூப்பன் போனது, கூப்பன் பழக்கிய வாய் போகவில்லை.

பிறகு உள்நாட்டு யுத்தம். 1990இல் தீவகத்துக்குள் அரச படைகள் நுழைந்த பிறகு கரம்பொன், நாரந்தனை, வேலணை மக்களில் பெரும்பகுதியினர் குடிபெயர்ந்தார்கள். ஊர்கள் ஆளற்றுக் கிடந்தன. எஞ்சியவருக்கும் முகாம்களில் இருந்தவருக்கும் கிடைத்தது உலருணவு நிவாரணம்: அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். கூழ்ப்பானையில் இருந்த பொருள்களில் எவை இந்தப் பட்டியலில் இல்லை என்று பார்த்தால் நான் சொல்லவரும் வாதம் தானே விளங்கும். கடலுக்குப் போகத் தடை, எனவே மீன் இல்லை. வேலியும் தோட்டமும் கைவிட்ட ஊரில், எனவே இலை இல்லை. வடபகுதியெங்கும் பனைகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் வெட்டப்பட்டன, எனவே ஒடியலும் குறைந்தது. நிவாரணம் கொடுத்தவர்கள் கலோரியை அளந்தார்கள், கலோரி போதிய அளவுக்கு இருந்தும் இருக்கலாம். ஒரு நூற்றாண்டாக மெல்ல நடந்த தேய்வை யுத்தம் ஒரே ஆண்டில் நடத்திக் காட்டியது.

இங்கே இன்னொரு மறுப்பு வரும், இதுவே வலுவானது. பானையைத் திரும்பக் கட்டியெழுப்புவதெல்லாம் எதற்கு, சத்து மாத்திரையும் செறிவூட்டலும் மலிவாக வேலையைச் செய்துவிடாதா? அயடின் விடயத்தில் இந்த மறுப்பு முழுக்கச் சரி. இலங்கையில் கண்டமாலை என்னும் கழுத்துக் கழலை அதிகம் பரவியது மழை நிறைய பெய்யும் தென்மேற்கில். கடல் சூழ்ந்து மீன் உண்ணும் வடக்கில் அல்ல. உள்நாட்டு மண்ணில் இல்லாத ஒன்றை எந்தப் பாரம்பரியச் சமையலும் உண்டாக்க முடியாது. 1995இல் உப்பில் அயடின் சேர்ப்பது சட்டமான பிறகு நோய் தணிந்தது. கடலுப்பிலேயே அயடின் இருக்கிறதே, எங்களுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் தீவகத்தில் இன்றும் இருக்கக்கூடும். உப்பளத்தில் விளையும் உப்பில் எஞ்சும் அயடின் மிகச் சொற்பம், தீவகத்தாரைக் காத்தது மீன்தான், உப்பல்ல. மீன் குறைந்த வீட்டுக்கு அயடின் உப்பு வேண்டும். திரிபோஷாவையும் இப்படியே நினைக்கிறேன். 1973இல் தொடங்கிய அந்தச் சோள, சோயா மாக் கலவை, கர்ப்பிணிகளும் மெலிந்த குழந்தைகளும் உள்ள வீடுகளுக்குச் சுகாதார நிலையம் வழியே செல்கிறது. அதனால் உயிர்பிழைத்த பிள்ளைகள் உண்டு. ஆகவே மாத்திரையா பானையா என்ற கேள்வியே தவறாக வைக்கப்படுகிறது. ஒரே ஒரு பொருள் குறைந்தால் அந்த ஒன்றைச் சேர்க்கலாம். இரும்பு, துத்தநாகம், ஃபோலேற், விற்றமின் ஏ, பி12, கல்சியம் எல்லாம் சேர்ந்து குறைந்தால், குறைந்திருப்பது உணவின் பன்மை. ஆறு மாத்திரைகளை ஒருவர் வாழ்நாள் முழுவதும் விழுங்குவார் என்று திட்டமிடுவது அரசுக்கும் சிரமம், அவருக்கும் சிரமம்.

இரும்பை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். இலங்கையில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இரத்தசோகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் கணிசமான பங்கு இரும்புக் குறைவால். கர்ப்பிணிகளுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கல்சியமும் கொடுத்துவருகிறார்கள். அது அவசியம், கர்ப்பகாலத் தேவையைச் சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்டுவது கடினம். ஆனால் இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினாலும், கல்சிய மாத்திரையோடு ஒரே வாயில் போட்டாலும் பயனில் ஒரு பங்கு வீணாகலாம். தேசிக்காய்ப் புளி கலந்த நீரோடு எடுத்து, தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளி வைத்தால் அதே மாத்திரை கூடுதலாக உடலில் சேரும். முருங்கையிலையை வெறுமனே அவிக்காமல் தேங்காய்ப்பூப் போட்டு வறையாக்கினால் கரோட்டின் கொழுப்போடு சேர்ந்து உறிஞ்சப்படும். நெத்தலியை முள்ளோடு மென்றால் கல்சியம். பச்சையரிசி வாங்குகிற வீடு புழுங்கலுக்கு, கூடுமானால் மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசிக்கு மாறினால் தயமினும் நாரும். எந்நாளும் மரக்கறியே உண்ணும் சைவக் குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை: பி12 எந்த இலையிலும் கிடையாது, தயிரோ பாலோ முட்டையோ இல்லாவிட்டால் மாத்திரைதான் வழி. தீவகத்திலிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்களுக்கு விற்றமின் டியும் சேர்கிறது. கறுத்த தோலும் பனிக்கால வெயிலும் ஒத்துப்போவதில்லை, அங்கு பானை எவ்வளவு நிறைந்தாலும் அந்தக் குறை தீராது.

ஒடியலுக்கே திரும்பிப் போவோம் என்று சிலர் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடில்லை. பச்சை ஒடியல் மாவை எலிகளுக்கு அதிகமாகக் கொடுத்த ஆய்வுகளில் அவற்றுக்குக் கேடு நேர்ந்திருக்கிறது. மாவை நீரில் ஊறவைத்துக் காறல் போக வடித்தெடுக்கும் ஊர்வழக்கத்துக்கு நல்ல காரணம் இருந்திருக்கவேண்டும். ஒடியல் திரும்பவேண்டிய அவசியமும் இல்லை. மாப்பொருள் இப்போது எங்கும் கிடைக்கிறது, குறைந்திருப்பது அதோடு கொதித்தவை. பெரிய தடை வேறு. கூழ் காய்ச்ச அரைநாள் வேண்டும்: நண்டு உடைக்க, இலை உருவ, மீன் வெட்ட. அந்த அரைநாள் யாருடையது என்று பழம்பெருமை பேசுவோர் சொல்வதில்லை; அது ஒரு பெண்ணுடையது, அவள் இன்று சம்பளத்துக்கும் போகிறாள். பாணும் மாவும் வென்றதற்கு விலை மட்டுமல்ல, இந்த நேரமும் காரணம். ஆகவே குறைபாட்டைத் தீர்க்கும் பொறுப்பைத் திரும்ப அவள் அடுப்பிலேயே ஏற்றிவிட்டு, ‘பாரம்பரிய உணவு’ என்று விழா எடுப்பது நேர்மையாகாது. ஆரம்பப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு உணவு ஏற்கெனவே சமைக்கப்படுகிறது. ஒரே அடுப்பில் பல வீடுகளின் வேலையை முடிக்கக்கூடிய இடம் அதுதான். ஊர்காவற்றுறைப் பிரிவின் பாடசாலைகளில் அந்தச் சோறு புழுங்கலாக இருக்கட்டும். கிழமையில் இரண்டு நாள் நெத்தலி, இரண்டு நாள் தேங்காய்ப்பூவோடு முருங்கையிலையோ பொன்னாங்காணியோ, பருப்பில் தேசிக்காய்ப் புளி. மீனைக் கரையிலிருந்து நேரே வாங்கினால் மீனவர் சங்கத்துக்கு நிலையான சந்தை. இலையை ஊர்த் தோட்டங்களிலிருந்து வாங்கினால் அங்கும் அப்படியே. சமைப்பவருக்கு உரிய கூலியும், பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மருந்தும் அந்த வரவுசெலவுக் கணக்கிலேயே சேரவேண்டும்.